கார்ச் சொந்தக்காரி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. பழக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை; இயந்திரம் உறுமத் தொடங்கினாலே நான் இரண்டடி தள்ளி நிற்பேன். பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காலை எட்டு மணிக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் இறங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. அதற்கென்று என்னிடம் சொந்தமாக ஒரு காரும் இருந்தது. இருந்தும் ஒரு வருஷம், மூன்று மாதப் பள்ளித் தவணை முழுக்க, நான் மீன் கூடைகளுக்கு நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். "உனக்கென்ன குறை, எல்லாம் உன்ட பேரிலதானே இரிக்கி" என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் எனக்குச் சுள்ளென்று ஏறும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடுவாசல் பெண்ணுக்குத்தான். கல்யாணம் பேசும்போதே வீடு, வளவு, வயல் எல்லாம் பெண் பேரில் எழுதப்பட்டுவிடும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். இதில் யாரும் வெட்கப்பட்டதும் இல்லை, பெருமைப்பட்டதும் இல்லை. மழை பெய்தால் நனைகிற மாதிரி, அது அப்படித்தான். என் அப்பா செட்டிபாளையத்தில் ஒரு போடியார். பெரிய காணிக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வாவிக்கு அக்கரையில் ஒரு வட்டையில், அதாவது பெரிய வயல்வெளியில், பாதி அவருடையது. அவருக்கு நான் ஒரே பெண் என்பதால் எழுதுவதற்கு நிறைய இருந்தது.

காரும் அப்படி வந்ததுதான். என் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பு ஒரு தென்னந்தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். போகிற அவசரத்தில் காரை விற்றார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாது. நல்ல உழவு மாட்டைக் கண்டால் வாங்கிவிடுகிற மனிதர், அதேமாதிரி இதையும் சுற்றிச்சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டி, வாங்கிவிட்டார். கறுப்புக் கார். கூரை துணியில். நாலு பேர் நெருக்கமில்லாமல் இருக்கலாம்.

சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு வந்தபோது இதை எப்படி எழுதுவது என்று அவர் கொஞ்சநேரம் யோசித்தார். வயலுக்கும் வளவுக்கும் நாலு எல்லை சொல்லி எழுதிப் பழகின கை. கடைசியில், "மேற்படி வளவும் அதிலுள்ள வீடு, கிணறு, தென்னை, மா, பலா, மோட்டார் கார் ஒன்று உட்பட" என்று எழுதி முடித்தார். அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

நான் வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, கார் என்ன மரமா, வளவோட சேத்து எழுத?" என்று கேட்டேன்.

"வளவுக்குள்ளதானே புள்ள நிக்கிது" என்றார் அப்பா.

பிறகு அந்த உறுதியை அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த கிளாக்கர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். சிரித்து முடித்து, காரை முறையாக என் பேரில் பதிந்து ஒரு கடுதாசி தந்தார். ஆக, உறுதியிலும் சரி, கச்சேரிப் பதிவிலும் சரி, கார் என்னுடையது. இதை ஊரே அறியும்.

என் கணவர் மட்டக்களப்புப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தார். மருந்து கலப்பதில் கெட்டிக்காரர், பேச்சு கொஞ்சம், கோபம் அதைவிடக் கொஞ்சம். துரையிடம் வேலை பார்த்த டிரைவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டாம் முறை சோதனையில் லைசென்ஸ் எடுத்தார். நான் பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நான் ஒருநாள்கூடப் பிந்தியதில்லை.

அவர் "என்ட கார்" என்று சொல்வார். வயல் வேலைக்கு ஆட்கள் வந்தால் "என்ட வயல்" என்பார். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்த விஷயமாதலால், அவர்கள் சொல்லிக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை. எந்தப் பெண்ணும் நாலு பேருக்கு முன்னால் "அது என்னுடையது" என்று புருஷனைத் திருத்த மாட்டாள். திருத்தினால் அவளைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நானும் திருத்தியதில்லை. அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், இன்சூரன்ஸ் இல்லாமல் எந்தக் காரும் தெருவில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. பட்டணத்திலிருந்து ஒரு ஏஜெண்ட் சைக்கிளில் வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் டை. வேர்வை டையில் ஊறி நிறம் மாறிப்போயிருந்தது. என் கணவர் அவரை நாற்காலியில் இருத்தினார். நான் தேத்தண்ணி கொண்டுபோன நேரம் அவர் படிவத்தை விரித்துப் பேனையைத் திறந்துகொண்டிருந்தார்.

"கார்ச் சொந்தக்காரர்?" என்று கேட்டார். என்னைப் பார்த்தல்ல.

என் கணவர் என்னை ஒருதரம் பார்த்தார். "நான்தான்" என்றார்.

"ஓட்டுறது?"

"அதும் நான்தான்."

"வேற ஆரும் ஓட்டுவாங்களா?"

"வேற ஆர் இரிக்கா ஓட்ட?"

"அப்ப ஒரு ஆள் மட்டும் ஓட்டுற மாதிரி எடுங்க. அது மலிவு" என்று சொல்லி ஏஜெண்ட் எழுதிக்கொண்டார். நான் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். "கார் என்ட பேரில" என்று மூன்று சொல். அதைச் சொல்லாததற்காக என்னை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நேரம் எனக்கு அது, வயல்காரரிடம் அவர் "என்ட வயல்" என்று சொல்வதைப் போலத்தான் கேட்டது. செட்டிபாளையம் முழுக்க அறிந்ததைக் கொழும்பும் அறிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. கொழும்பில் இருப்பவன் கடுதாசியில் உள்ளதை அப்படியே நம்புவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்சூரன்ஸ் பத்திரம் தடித்த தாளில், மேலே பெரிய எழுத்துப் போட்டு வந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் என் கணவர் பேர். ஓட்டுபவர் என்ற இடத்தில் என் கணவர் பேர். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை.

அடுத்த ஜனவரி பிறந்ததும் அவருக்குப் பதுளைப் பக்கம் ஒரு மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்தது. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். கார் கொட்டிலுக்குள் நின்றது.

நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். அந்தக் காலத்து பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. தெற்கே இருந்து வரும், தேற்றாத்தீவிலேயே நிரம்பிவிடும். செட்டிபாளையத்துக்கு வரும்போது படியில்கூட ஆள் தொங்கும். மீன் கூடை, வாழைக்குலை, உயிரோடு கோழி. அதற்குள் ஏறி, காத்தான்குடிக்குப் போனால் அங்கே துணிப் பொதி இறக்கி, துணிப் பொதி ஏற்றி, ஒரு யாவாரி தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை காத்திருக்கும். கண்டக்டரிடம் "நேரம் போகுது தம்பி" என்றால், "நேரம் எங்க டீச்சர் போற, இஞ்சதான் இரிக்கி" என்பான். பட்டணத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது எட்டரை, சிலநாள் ஒன்பது. சேலையில் மீன் நீர். முன் வாங்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்கு அழுகை வரும்.

முதல் இரண்டு கிழமையிலேயே எட்டு நாள் பிந்திவிட்டேன். தலைமை ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மா. கண்டிப்பானவர், ஆனால் அநியாயக்காரர் அல்ல. என்னைக் கூப்பிட்டு இருத்தி, நாற்பது பிள்ளைகள் ஒரு மணிநேரம் ஆசிரியை இல்லாமல் இருக்க முடியாது என்றார். சித்திரை விடுமுறைக்கு முன் ஒரு வழி செய்துகொள்ளச் சொன்னார். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு வேறு ஆளைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இருக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயம் பிடித்தது.

அந்த வேலையை நான் எவ்வளவு நேசித்தேன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. வயலும் வீடும் நான் பிறந்ததற்காகக் கிடைத்தவை. வேலைக்கு நான் படித்தேன், சோதனை எழுதினேன், முதல் வருஷம் பயந்து பயந்து வகுப்பெடுத்தேன். அது மட்டும் யாரும் எனக்கு எழுதித் தந்ததல்ல. அது போய்விட்டால் நான் போடியாரின் மகள் என்பதைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

பட்டணத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"சொந்த வீட்டப் பூட்டிப்போட்டு வாடைக்கு இரிக்கிறயா? ஆக்கள் என்ன கதைப்பாங்க? சீதன வீட்டில ஏதும் சோலியாம் எண்டு கதைப்பாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கணவர் மலையிலிருந்து எழுதும் கடிதங்களில் குளிரைப் பற்றியும் அட்டைக் கடியைப் பற்றியும் எழுதுவார். நான் பஸ் பாடு எழுதினால், "ஏன் கஷ்டப்படுகிறாய், வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடேன்" என்று எழுதுவார். வாசித்துவிட்டு மடித்து வைப்பேன்.

கொட்டிலில் கார் நிற்க, நான் ஏன் இந்தப் பாடு பட வேண்டும்? ஒரு டிரைவரை வைத்தால் தீர்ந்தது. காத்தான்குடியில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்பாவின் நெல்லை வாங்குகிற யாவாரிக்கு உறவு. அப்பாவே "அந்த ஆளெண்டாச் சரி" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். சொல்லி அனுப்பியதும் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வண்டி நல்லாத்தான் இரிக்கி டீச்சர். நாளைக்கே நான் ரெடி. இன்சூரன்ஸ் கடுதாசியில என்ட பேர் இரிக்கா?"

"இல்ல. எங்கட அவர்ர பேர்தான்."

"அப்ப ஏலா டீச்சர்."

"ஒரு கிழமைக்கு மட்டும். நான் எழுதிப்போட்டு மாத்திருவன்."

அவர் தலையை ஆட்டினார். "இப்பிடித்தான் மறுகா மாத்துறம் எண்டு சொல்லி ஒராள் என்ன ஓடச் சொன்னாரு. பொலிசில மாட்டினது நான். என்ட லைசென்ஸ எடுத்து ஆறு மாசம் வெச்சிட்டாங்க. வீட்டில உலை வைக்கல்ல. கடுதாசி வந்த அண்டைக்குச் சொல்லி அனுப்புங்க, விடிய சுபஹு தொழுதிட்டு வாசல்ல நிப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அன்று பின்னேரமே கொழும்புக்கு எழுதினேன். என் கார், என் பேரில் பதிந்தது, டிரைவரின் பேரைச் சேர்த்துத் தரவும் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி, என் பேரில் கையொப்பம் வைத்தேன். இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. "அன்புள்ள ஐயா" என்று தொடங்கியது. கடிதத்தின் தொடக்கத்திலேயே என்னை ஆணாக்கிவிட்டார்கள். எங்கள் புத்தகத்தின்படி கார்ச் சொந்தக்காரர் இன்னார், அவரே எழுத வேண்டும், மற்றவர்கள் எழுதுவதை நாங்கள் கவனிப்பதில்லை என்றிருந்தது. இன்னார் என்பது என் கணவர். மற்றவர்கள் என்பது நான்.

என் காரில் நான் மற்றவள்! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்க் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின் இருக்கையில் கோழி ஒன்று முட்டையிட்டிருந்தது. கோழிக்கு ஒரு கடுதாசியும் தேவைப்படவில்லை.

கச்சேரிப் பதிவை நகல் எடுத்து அனுப்பினேன். மறுபடி இரண்டு கிழமை. இந்த முறை கொஞ்சம் மரியாதையாக, "அம்மணி" என்று வந்தது. நீங்கள்தான் சொந்தக்காரர் என்று காண்கிறோம். அப்படியானால் இப்போதுள்ள பத்திரம் பிழையாக எடுக்கப்பட்டிருக்கிறது. பத்திரத்தில் பேர் உள்ளவர் இத்துடன் வரும் படிவத்தில் கையெழுத்து வைத்து அதை விட்டுக்கொடுத்தால், உங்கள் பேரில் புதிதாக எழுதித் தருவோம். சொந்தக்காரரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டிய அவசியமில்லை, லைசென்ஸ் உள்ள ஒருவரை ஓட்டுபவராகக் குறிப்பிட்டால் போதும். இப்படி எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரியை நான் பத்துத் தரம் வாசித்திருப்பேன். அவ்வளவு சந்தோஷம். இனி ஒரு கையெழுத்துத்தான். அதுவும் யாருடைய கையெழுத்து? என் சொந்தப் புருஷனுடையது. தபால் கட்டும் நேரத்துக்குள் படிவத்தை அனுப்பிவிட வேண்டும் என்று குடையைக்கூட எடுக்காமல் வெயிலில் நடந்தேன். சித்திரை விடுமுறைக்கு ஏழு கிழமை இருந்தது.

பத்து நாளில் அவரிடமிருந்து கடிதம். மழை, குளிர், ஆஸ்பத்திரிச் சாப்பாடு. கீழே ஒரு வரி: "நீ சொன்ன படிவம் இன்னும் வந்து சேரவில்லை."

கொழும்புக்கு எழுதி இன்னும் இரண்டு படிவம் எடுப்பித்தேன். ஒன்றை அனுப்பினேன். மறுபடி அதே வரி.

நான் தபால் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். எங்கள் தபால் கந்தோர் ஐயா பாவம், சாதுவான மனிதர். சண்டை முடியும்வரை முத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்கட மத்தக் கடுதாசியெல்லாம் அங்க போகுதுதானே டீச்சர்? இது மட்டும் எப்பிடித் துலையும்?" என்றார்.

"அதத்தானே நான் உங்களிட்டக் கேக்கிறன்" என்றேன்.

அவர் முத்திரைப் பெட்டியை மூடினார். "இந்த முறை பதிவுத் தபாலில போடுங்க. வாங்கினவர் கையெழுத்து வச்ச அட்டை உங்களுக்குத் திரும்பி வரும்" என்றார். அவருக்கு அப்போதே விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. நான் மலைநாட்டுத் தபால்காரனைத்தான் மனதில் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் நான் பிந்திய நாட்களை எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். தலைமை ஆசிரியை என்னைக் கண்டால் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு நல்லதற்கில்லை என்று தெரிந்தது. விடுமுறைக்கு ஒரு கிழமை இருக்க, அட்டை திரும்பி வந்தது. அதில் என் கணவரின் கையெழுத்து, அழகாக, ஓர் எழுத்தும் சிதையாமல். என் மனசு குளிர்ந்துபோயிற்று. இரண்டு நாள் கழித்து அவருடைய கடிதமும் வந்தது. சித்திரை வருஷத்துக்கு வருவதாக எழுதியிருந்தார். கீழே, "படிவம் இன்னும் வந்து சேரவில்லை."

நான் கடிதத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை. அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

தவணை முடிந்த அன்று தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். பட்டணத்திலேயே வசிக்கும் ஒரு பிள்ளையை எடுத்திருப்பதாகச் சொன்னார். எனக்கு நல்ல சான்றிதழ் ஒன்று எழுதி வைத்திருந்தார். "உங்களிடம் கார் இருக்கிறது என்றல்லவா கேள்விப்பட்டேன்" என்றும் கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். நான் என்ன சொல்ல? "ஓம், இருக்கிறது" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கணவர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் வெயிலில் கம்பளிக் கோட்டோடு இறங்கினார். கையில் ஒரு சாக்கில் மலைக் காய்கறி, கோவாவும் கரட்டும். அவர் கால் கழுவி வரும்வரைகூட நான் பொறுக்கவில்லை. அட்டையை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?"

அவர் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், எழுத்தில் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். "ஓம்" என்றார்.

"அப்ப படிவம் எங்க?"

அவர் பெட்டியைத் திறந்தார். சட்டைகளுக்குக் கீழே மூன்று படிவமும் இருந்தன, கசங்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றோடு அந்த இன்சூரன்ஸ் பத்திரம். அது மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் தாள் ஒட்டியிருந்தது. அவ்வளவு தடவை விரித்து மடித்திருக்கிறார்.

"ஏன் இப்பிடிச் செஞ்சீங்க? என்ட வேலை போயிற்று, தெரியுமா? நேத்துப் போயிற்று."

"வேலை போனா நீ அங்க வருவாய் எண்டு நினச்சன்" என்றார். சொல்லிவிட்டு, அது போதாது என்று அவருக்கே தெரிந்தது போலக் கட்டிலில் உட்கார்ந்தார். "அது மட்டுமில்ல. இந்த வீடு உன்ட. வளவு உன்ட. வயல் உன்ட. நான் இஞ்ச வந்து திண்டு படுத்திட்டுப் போற ஆள். அங்க குவாட்டர்ஸில மத்த ரெண்டு பேரும் என்ட காணி, என்ட வீடு எண்டு கதைக்கிற நேரம் நான் இதத்தான் எடுத்துக் காட்டுற. என்ட பேர் போட்டு, சொந்தக்காரன் எண்டு அச்சடிச்ச கடுதாசி எனக்கு இந்த ஒண்டுதான். அதக் கையெழுத்து வச்சுக் குடு எண்டு கேக்கிறாய். மூண்டு தரமும் பேனை எடுத்தன். கை வரல்ல."

நான் பெட்டியிலிருந்த படிவங்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நீயும் அண்டைக்கு ஒண்டும் சொல்லல்லயே" என்றார். "தேத்தண்ணிய வச்சிட்டுப் போனாய். நீ சம்மதிச்சித்தான் போறாய் எண்டு நினச்சன்."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. கத்த வேண்டிய நேரத்தில் கத்தவும் முடியாமல், இவரைத் தேற்றவும் மனமில்லாமல் நான் அந்த அறையில் நின்றேன். அவருக்கு ஒரு கடுதாசி வேண்டியிருந்தது, சரி. எனக்கும் ஒன்று வேண்டியிருந்ததே. ஒரு தவணை முழுக்க நான் பஸ்ஸில் நின்றதை அவர் கடிதத்துக்குக் கடிதம் வாசித்துக்கொண்டுதானே இருந்தார்? இதைக் கேட்டேனோ, கேட்க நினைத்தேனோ, இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் மேசையிலிருந்த பேனையை எடுத்து மூன்று படிவத்திலும் கையெழுத்து வைத்தார். ஒன்று போதும் என்று நான் சொல்லவில்லை.

வைகாசியில் புதுப் பத்திரம் வந்தது. சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பேர். ஓட்டுபவர் என்ற இடத்தில் காத்தான்குடிக்காரரின் பேர். என் கணவர் அதற்குள் மலைக்குத் திரும்பிவிட்டார். அப்பா எனக்குச் சொல்லாமலே டிரைவருக்கு ஆள் அனுப்பிவிட்டார். கடுதாசி வந்தால் கார் ஓடும், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவையில்லை.

புதுத் தவணை தொடங்குகிற அன்று, சொன்னபடியே அந்த மனிதர் விடிந்ததும் வாசலில் நின்றார். காரைக் கழுவி, கோழியை விரட்டி, இருக்கையைத் துடைத்து வைத்திருந்தார். பத்திரத்தில் தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். நான் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க டீச்சர் போற?" என்று கேட்டார்.

எனக்குப் போக ஓர் இடமும் இருக்கவில்லை. அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என் புத்தகங்களும் ஒரு சோடிச் செருப்பும் வகுப்பு அலுமாரியில் கிடந்தது ஞாபகம் வந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். "என்ட சாமான் கொஞ்சம் கிடக்கு, எடுக்கோணும்."

அவர் நன்றாக ஓட்டினார். காத்தான்குடியில் ஒரு பஸ் பொதி ஏற்றிக்கொண்டு நின்றது, அதைக் கடந்து போனோம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கல்லடிப் பாலத்தில் எதிரே ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் அவர் காரை நிறுத்தியபோது மணி ஏழே முக்கால். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், என் வேலை போனது தெரியாமல் ஓடி வந்து, "டீச்சர் இண்டைக்கு நேரத்தோட வந்திட்டாங்க" என்றார்கள். நான் கதவைத் திறக்காமல், ஆத்திரம் தாங்காமல் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து அழுதேன்.